ஆறு நிமிஷம் நாற்பது விநாடி, தடங்கல் இல்லை

புனேயில் ஔந்த் பக்கம் ஒரு நிறுவனம் இருந்தது. அகில இந்தியத் தடையிலாத் தொடர்பு மேம்பாட்டு நிறுவனம் என்று பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் அங்கே ஒருத்தர்தான், டெலிபோன் ஆபரேட்டர் பரமசிவம். பத்தொன்பது வருஷமாக மூன்று மொழியில் அதைச் சொல்லித் தேய்ந்த நாக்கு அவருடையது. மூக்கில் மட்டும் ஒரு சின்னக் கோளாறு. மூச்சு விடும்போது மெல்லிசாக ஒரு விசில் வரும்.

நாட்டில் உள்ள மற்ற அலுவலகங்களுக்கெல்லாம் போன் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்பெடுப்பதுதான் நிறுவனத்தின் வேலை. 2003 மழைக்காலத்தில் அதன் சொந்த போன் மூன்று நாள் செத்துக் கிடந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. நாலாம் நாள் பரமசிவம்தான் டைரக்டர் அறைக்குப் போய்ச் சொன்னார். பேசாமல் இருந்திருக்கலாம், பாவம்.

டைரக்டர் மகாதேவன் துடித்துப் போனார். உடனே தொடர்ச்சி உறுதிக் கமிட்டி ஒன்று போட்டார். அதற்குச் செயலாளர் ஜோக்லேகர். சட்டைப்பையில் நாலு நிறத்தில் பேனா வைத்திருப்பவர், எந்த நிறம் எதற்கு என்பதற்குத் தனியாக ஒரு சுற்றறிக்கை விட்டவர். கமிட்டி பதினோரு தடவை கூடி, பழைய போன்களைத் தூக்கிவிட்டு இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்களை வைப்பது என்றும், அதற்கு ஒன்றுக்கு இரண்டாக இன்டர்நெட் லைன் வாங்குவது என்றும் முடிவு செய்தது. ஒன்று செத்தால் மற்றொன்று தானாக எடுத்துக்கொள்ள நடுவில் ஒரு பெட்டி. நாலே விநாடியில் மாற்றிவிடும் என்று பெட்டியைக் கொண்டுவந்தவன் சொன்னான்.

இதுவரைக்கும் எல்லாம் சரிதான். ஜோக்லேகர் கேட்டார், "பெட்டி யாரைக் கேட்டு மாற்றும்?" அவர் பேசியது இந்தி. அதன் கம்பீரம் குறையாமல் தமிழில் சொல்லப் பார்க்கிறேன். "இந்த நிறுவனத்தில் ஒரு ட்யூப் லைட்டை மாற்றவே மூன்று கையெழுத்து வேண்டும். ஒரு பெட்டி தன்னிஷ்டத்துக்கு லைனை மாற்றுமா?"

பெட்டிக்கு 'பொறுப்பு அலுவலர், தற்காலிகம்' என்று ஒரு பதவி உண்டாக்கினார்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட அனுமதிப் படிவங்களை ஒரு கட்டாகப் பெட்டிக்கு அடியில் வைத்தார்கள். இரண்டாவது லைன்தான் வேகம் அதிகம். ஆனாலும் நாலு நாள் பிந்தி வந்ததால் அது ஜூனியர். ஜூனியர் வேலை செய்யக் கூடாது, சீனியர் செத்தால் மட்டும் செய்யலாம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சோதனை. பெட்டிக்குச் சாமந்தி மாலை, ஒரு தேங்காய், எல்லோருக்கும் டீ, கூடவே பாக்கர்வடி. ஜோக்லேகர் சீனியர் லைனின் வயரைப் பிடுங்குவார். ஜூனியர் லைனின் விளக்கு பச்சையாகும். கை தட்டுவார்கள். பதினைந்து நிமிஷம் கழித்து வயரை மறுபடி செருகி, முத்திரை ஒட்டிவிட்டுக் கலைவார்கள். சோதனைக்கு இடைஞ்சல் வரக் கூடாதென்று அந்தப் பதினைந்து நிமிஷமும் யாரும் போனைத் தொடக் கூடாது என்பது விதி. இருபத்துமூன்று மாதம், இருபத்துமூன்று சோதனை, அத்தனையும் வெற்றி. ஜூனியர் லைனில் இதுவரை ஒரு மனுஷனும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இனி பரமசிவத்தின் கதைக்கு வருவோம்.

அவர் மனைவி சரசா காலமானபோது மகள் பாமாவுக்குப் பதின்மூன்று வயது. தாபோடியில் குவார்ட்டர்ஸில் தனி ஆளாக வளர்த்தார். நர்ஸிங் படிக்க வைத்தார். கட்கியில் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிப் பையனைப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றப் பத்து நாள் இருக்கும்போது, பாமா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு விமானம் ஏறிவிட்டாள். சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், அவர் கேட்கவில்லை, ஏறிவிட்டாள்.

பரமசிவம் கத்துகிற ஆள் இல்லை. அவர்கள் வீட்டில் கோபம் என்றால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சொந்த அண்ணனிடமே ஒன்பது வருஷம் பேசாமல் இருந்து, கடைசியில் அவர் பாடைக்குப் பக்கத்தில் நின்றும் பேசாமல் வந்தவர். மகளிடமும் அதையேதான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் வீட்டுக்குப் போன் போடுவாள். இவர் எடுப்பார். பேசமாட்டார். ஆனால் வைக்கவும் மாட்டார். அவள் ஆஸ்பத்திரியைப் பற்றி, வெயிலைப் பற்றி, சமைத்ததைப் பற்றி ஐந்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டு, "வெக்கிறேம்பா" என்பாள். எட்டு மாதம் இப்படி நடந்தது. பிறகு போன் வருவது நின்றுவிட்டது.

நின்ற பிறகுதான் அவருக்கு வலித்தது. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் வணக்கம் சொல்கிற வாய், பெற்ற பிள்ளையிடம் ஒரு 'ம்' கூடச் சொல்லவில்லையே என்று கிடந்து மறுகினார். அதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகிவிட்டது, அந்த போனும் போயிற்று. இரண்டு வருஷம் ஓடியது. 2005ல் பக்கத்து வீட்டு விச்சு லீவில் வந்தான். பாமா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். பரமசிவம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பேசுதேன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை போடச் சொல்லு" என்றார். சொல்லும்போதே மூக்கு விசிலடித்தது.

விச்சு திரும்பிப் போய் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டான். "மாமா, சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை அக்காவுக்கு லீவு. நம்ம ஊர் நேரம் பதினோரு மணிக்கு இதே நம்பருக்குப் போடுவாங்க. ரெண்டு மாசத்துல அயர்லாந்து போறாங்க, தெரியும்ல? நம்பர் குடுன்னு கேட்டேன், தரமாட்டேன்னுட்டாங்க. ஒரு வார்த்தை பேசினா போதும், பேசாட்டி இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்னு சொன்னாங்க."

"பேசுவேன் டே. பேசாம என்ன" என்றார் பரமசிவம்.

அங்கேதான் அவர் ஒரு தப்புச் செய்தார். வேறு யாராக இருந்தாலும் போன் வந்ததும் எடுத்துப் பேசிவிட்டுப் போயிருப்பார்கள். பரமசிவம் பத்தொன்பது வருஷத்தில் ஆபீஸ் போனில் சொந்தப் பேச்சு பேசியதில்லை. எனவே முறையாக 'அலுவலகத் தொலைபேசியில் சொந்த அழைப்பைப் பெற அனுமதி கோரும் படிவம்' பூர்த்தி செய்தார். அழைப்பவர் யார், மகள். எங்கிருந்து, மஸ்கட். நாள், முதல் வெள்ளி. நேரம், பதினொன்று. அவசியம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் யோசித்து, 'பேச வேண்டியுள்ளது' என்று எழுதினார்.

படிவத்தைப் பார்த்த ஜோக்லேகருக்கு முகம் மலர்ந்தது. போன மாதம்தான் தணிக்கைக்காரர்கள் வந்து, இருபத்துமூன்று சோதனையிலும் ஒரு அழைப்புகூட இல்லையே, அடுத்ததை நேரடி அழைப்போடு நடத்துங்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நேரடி அழைப்புக்கு எங்கே போவது? நிறுவனத்துக்கு வருவதில் முக்கால்வாசி ராங் நம்பர். இதோ, நாளும் நேரமும் குறித்து, வெளிநாட்டிலிருந்து ஒன்று தானாக வருகிறது.

பரமசிவம் டைரக்டரிடம் ஓடினார். "சார், பாதகமில்லன்னா சோதனைய ஒரு அரை மணி தள்ளி வைங்க. எம்மக ரெண்டு வருஷம் கழிச்சுப் பேசுதா."

மகாதேவன் மனம் இளகித்தான் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பரமசிவம், நீங்க பயப்படறதே தப்பு. எதுக்காக ரெண்டு லைன் வாங்கினோம்? உங்க மாதிரி ஒருத்தர் பேச்சு அறுந்துடக் கூடாதுன்னுதானே? உங்க பொண்ணு போன் பண்றப்போ இந்த நிறுவனமே உங்க பின்னாடி நிக்கும்" என்றார்.

நின்றது. வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்கே ஆபரேட்டர் அறையில் இருபது பேர். பெட்டிக்கு மட்டுமல்லாமல் அன்று போனுக்கும் மாலை. பரமசிவம் சவரம் செய்து, தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். என்ன பேசுவதென்று ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி மடித்து வைத்திருந்தார். முதல் வரி 'பாமா, அப்பா மேல தப்பு' என்பது.

அழைப்பு வருவதற்கு முன்பே, பத்து ஐம்பத்தைந்துக்கு, ஜோக்லேகர் முத்திரையை உடைத்து வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு. மகாதேவன் இரண்டு வார்த்தை பேசினார், அது பதினோரு மணிவரை நீண்டது. சரியாகப் பதினோரு மணிக்கு மணியடித்தது. ஜூனியர் லைனில் முதல் அழைப்பு. அறையே கை தட்டியது. ஜோக்லேகர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினார்.

"அப்பா?" அத்தனை தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி கேட்டது.

"பாமா. அப்பா பேசுதேம்மா."

"ஹலோ? அப்பா? கேக்குதா?"

"நல்லாக் கேக்கும்மா. சொல்லு. நல்லா இருக்கியா?"

"ஹலோ?"

பரமசிவம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் மறுபடி ஹலோ என்றது. பிறகு அவள் குரல் இறங்கி வந்தது.

"சரிப்பா. பேசலேன்னா பரவால்ல. எடுத்தீங்களே, அதுவே போதும். நான் சொல்றதைச் சொல்லிடுறேன்."

"எம்மா, நான் பேசிட்டுத்தான இருக்கேன். பாமா." அவர் எழுந்து நின்றுவிட்டார். "சார், அவளுக்குக் கேக்கல. நான் பேசுறது அவளுக்குப் போகல. அந்த வயரச் செருகுங்க சார், புண்ணியமாப் போகும்."

ஜோக்லேகர் ஸ்டாப்வாட்ச்சிலிருந்து கண் எடுக்காமல், "விதி ஏழு, பதினைந்து நிமிஷம்" என்றார். "மேலும் இப்போது வயரைச் செருகினால் இந்த அழைப்பு அறுந்துவிடும். உங்களுக்காகத்தான் சொல்கிறேன்."

அது உண்மை. ஆபரேட்டரான பரமசிவத்துக்கும் அது தெரியும். செருகினால் அவள் போய்விடுவாள், செருகாவிட்டால் இவர் குரல் போகாது. அந்த மனுஷன் என்னதான் செய்வார்? ரிஸீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காதில் மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் எங்க வார்டுல ஒரு தாத்தா இருந்தாரு, பாளையங்கோட்டைக்காரர். மூச்சு விட்டா உங்களை மாதிரியே விசில் வரும். டியூட்டி முடிஞ்சும் அவர் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். சிஸ்டர்லாம் சிரிப்பாங்க." அவளும் சிரித்தாள். "முன்னெல்லாம் நீங்க பேசாட்டாலும் போன்ல அந்தச் சத்தம் கேக்கும். அதைக் கேக்கத்தாம்பா நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போட்டேன். இன்னிக்கு அதுகூடக் கேக்கல. ரிஸீவரைக் கையால பொத்திக்கிட்டீங்களா? என் மேல அவ்ளோ கோவமா?"

"இல்ல தாயி. இல்ல. பொத்தல" என்று பரமசிவம் கத்தினார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கமிட்டி உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயனாளர் உற்சாகமாக உரையாடினார் என்று ஜோக்லேகர் பச்சைப் பேனாவால் குறித்துக்கொண்டார்.

அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மாவின் திதிக்கு அங்கேயே யாருக்காவது சாப்பாடு போட்டுவிடுவதாகச் சொன்னாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னாள். "டீக் ஹை, சரிப்பா. இனிமே தொந்தரவு பண்ணல. வெக்கிறேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டாள். ஜோக்லேகர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி, "ஆறு நிமிஷம் நாற்பது விநாடி. தடங்கல் இல்லை" என்று அறிவித்தார். மறுபடி கை தட்டினார்கள். பரமசிவத்தின் கையில் ஒரு டீயும் பாக்கர்வடியும் கொடுத்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த புதன்கிழமை விச்சு கூப்பிட்டான். "என்ன மாமா இது, ஒரு வார்த்தை பேசலையாமே."

"பேசினேன் டே. போன் கோளாறு. நான் பேசுறது அங்க போகல."

"உங்க போன் நல்லாத்தான கேக்கு மாமா" என்றான் விச்சு. அன்றைக்கு வேலை செய்தது சீனியர் லைன். பரமசிவம் அவனுக்கு இரண்டு லைனையும் பெட்டியையும் விளக்கினார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்தது. விச்சு பாமாவிடம் பேசிவிட்டு, ஐந்து நாள் கழித்து மறுபடி போட்டான். "அக்கா நம்பல மாமா. ஆனா ஒண்ணு சொன்னாங்க. ஆபீஸ்ல ஒரு வரி எழுதித் தரட்டும், அன்னைக்குப் போன் ரிப்பேர்னு. சீல் போட்டு. பாத்தா நம்புறேன், அந்த நிமிஷமே போன் போடுறேன்னாங்க."

ஒரு வரி. பரமசிவத்துக்கு உயிர் வந்தது. 'அன்றைய சோதனையில் என் குரல் மறுமுனைக்குச் செல்லவில்லை என்று சான்று அளித்து, கீழ்க்கண்ட மஸ்கட் முகவரிக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன்' என்று மனு எழுதினார். விச்சுவின் முகவரியைக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்.

ஜோக்லேகர் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். "பரமசிவம்ஜி, உங்களிடம் மறைப்பானேன்? நீங்கள் சொல்வது சரி. போன் கம்பெனிக்கு நம் சீனியர் லைனின் இன்டர்நெட் முகவரி மட்டும்தான் தெரியும். வருகிற அழைப்பைப் பெட்டி ஜூனியருக்குத் திருப்பிக்கொள்ளும், ஆனால் ஜூனியர் வழியாகப் போகும் குரலைக் கம்பெனி யாரோ எவரோ என்று தள்ளிவிடும். ஜூனியரின் முகவரியையும் கம்பெனிக்குக் கொடுங்கள் என்று பெட்டிக்காரன் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கடிதம் எழுதிவிட்டான். ஆனால் ஜூனியரைச் சீனியருக்குச் சமமாகப் பதிவு செய்வதா என்ற கேள்வி முடிவாகவில்லை."

"அந்தக் கடிதத்துல ஒரு காப்பி குடுங்க சார். போதும்."

"முடிவாகாத ஃபைலிலிருந்து காப்பி தரக் கூடாது" என்றார் ஜோக்லேகர் வருத்தத்தோடு.

கமிட்டி பரமசிவத்தின் மனுவுக்காக விசேஷமாகக் கூடியது. மகாதேவன் பேசினார். "அன்னிக்கு மணி அடிச்சதா? அடிச்சது. எடுத்தாரா? எடுத்தார். நடுவுல அறுந்ததா? அறுபடல. அப்போ நம்ம கடமை முடிஞ்சது. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்கறதாங்கறது உள்ளடக்கம். உள்ளடக்கத்துல இந்த நிறுவனம் என்னைக்குமே தலையிட்டதில்ல. தகப்பன் மகள் விஷயத்துல நாம யார் சார் மூக்கை நுழைக்க?" எல்லோரும் ஆமோதித்தார்கள்.

அந்த நிறுவனத்தில் எந்தக் காகிதமும் மூன்று மாதத்துக்குக் குறைந்து வெளியே போனதில்லை. இது மூன்றே நாளில் போயிற்று. பரமசிவம் மேல் எல்லோருக்கும் அத்தனை பிரியம். வெள்ளைத் தாளில் தங்க ஓரம், மூன்று கையெழுத்து, வட்ட முத்திரை. 'மேற்படி நாளில் மேற்படி நேரத்தில் திரு. பரமசிவம் பெற்ற அழைப்பின்போது தொலைபேசி முழுமையாகவும் சிறப்பாகவும் இயங்கியது என்றும், ஆறு நிமிஷம் நாற்பது விநாடி நேரம் எவ்விதத் தடங்கலும் ஏற்படவில்லை என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது.' மனுவில் கண்ட முகவரிக்கே நேராக ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஒரு நகல் மேஜைமேல் வந்து சேர்ந்தபோது, அசல் மஸ்கட் போய்ச் சேர்ந்திருந்தது.

பரமசிவம் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு விச்சுவின் போனுக்குக் காத்திருந்தார். அவன் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் அம்மா தாபோடி மார்க்கெட்டில் இவரைப் பார்த்து, "பாமா அயர்லாந்து போயிட்டாளாமே, விச்சு சொன்னான்" என்றாள். ஆமாம் என்றார். வெண்டைக்காய் வாங்க வந்தவர், வாங்காமலே வீட்டுக்குப் போனார்.

இருபத்துநாலாம் சோதனையின் வெற்றிக்காக நிறுவனத்துக்குக் கேடயம் கிடைத்தது. அந்த அழைப்பின் நினைவாகச் சோதனை அழைப்பின் நீளம் ஆறு நிமிஷம் நாற்பது விநாடி என்று நிர்ணயம் செய்தார்கள். நிரந்தர மாதிரிப் பேச்சாளராகப் பரமசிவத்தை நியமித்தார்கள். அனுபவம் உள்ளவர் அவர்தானே.

இப்போதும் மாதத்தின் முதல் வெள்ளி பதினோரு மணிக்கு வயரைப் பிடுங்குகிறார்கள். ஜோக்லேகர் தன் மொபைலோடு வெளியே ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்குப் போய், நிறுவனத்தின் நம்பரைக் கூப்பிடுகிறார். மணியடிக்கிறது. பரமசிவம் எடுத்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்தக் காகிதத்தைப் பிரித்துக்கொள்கிறார்.

"பாமா, அப்பா மேல தப்பு" என்று ஆரம்பிக்கிறார். திதிக்குத் தானும் சாப்பாடு போட்டதைச் சொல்கிறார். மாத்திரை சாப்பிடுவதைச் சொல்கிறார். அந்த ஊரில் குளிராமே, காதை மூடிக்கொண்டு போ என்கிறார். நாலு வரி எப்போதோ தீர்ந்துபோயிருக்கும், அவர் பேசிக்கொண்டே இருப்பார். ஸ்கூட்டர்களுக்கு நடுவில் ஜோக்லேகர் மொபைலைக் காதில் வைத்தபடி நிற்பார். அவர் காதில் ஒரு சத்தமும் வராது, மூச்சுச் சத்தம்கூட. ஆறு நிமிஷம் நாற்பது விநாடி ஆனதும் மொபைலை அணைத்துவிட்டு, பச்சைப் பேனாவை எடுத்துத் தடங்கல் இல்லை என்று எழுதுவார்.